வளர்த்த உயிரும் வளர்த்தவர் கடனும்

கட்டுரை எழுதப் பழகும் மாணாக்கனுக்கு முதன்முதற் கொடுக்கப்படும் விடயம் பெரும்பாலும் பசுவாகவோ நாயாகவோ இருத்தல் ஆசிரியர் யாவரும் அறிந்ததே. அவன் எழுதுவதும் அறிந்ததே. பசு ஒரு வீட்டு மிருகம். அதற்கு நான்கு கால்களும் இரண்டு கொம்புகளும் ஒரு வாலும் உண்டு. அது பால் தரும். அதன் சாணம் எருவாகும். நாய் நன்றியுள்ள மிருகம். அது வீட்டைக் காக்கும். இவ்வளவிற் கட்டுரை முடியும். ஆசிரியரும் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கையொப்பமிட்டுக் கொடுப்பர். கூறியவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. ஆயினும் அக்கணக்கு ஒருபுறம் மாத்திரமே எழுதப்பட்ட கணக்காகும். அவை நமக்குத் தருவன எல்லாம் வரவாக நிரை நிரையாக வைக்கப்பட்டன; நாம் அவற்றுக்குக் கொடுக்கக் கடவன யாவை என்னும் பக்கம் வெறுமையாகவே கிடக்கின்றது.

வீட்டில் வளர்த்த உயிருக்கு வளர்த்தவன் கடன்பட்டவனோ, அன்றி அவன் செய்வனவெல்லாம் வேண்டும்போது செய்து வேண்டாதபோது விடத்தக்க தயவு மாத்திரமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அவ்வுயிர்களின் இயல்பைச் சிறிது நோக்குவாம். யாழ்ப்பாணத்துக் கிராமம் எதனிலாயினும் மாலைப்பொழுதில் திண்ணையிற் கூடியிருப்போர் பேச்சுக்குச் செவிகொடுப்பின், ஊர்ப்புதினங்கள் முடிந்தபின் அப்பேச்சு வீட்டுப் பிராணிகளின்பால் திரும்புதலைக் கேட்கலாம். சைவ வீட்டுப் பூனை பஞ்சாங்கம் அறியும் என்பர். வெள்ளிக்கிழமைகளில் அடுக்களையில் மச்சம் இல்லை என்பது தெரிந்து, அன்று மாத்திரம் அது காலையிலேயே வேலி தாண்டி அயல்வீட்டு விருந்தாளியாகிவிடும். சனிக்கிழமை ஒன்றும் அறியாதது போலத் திரும்பிவந்து அடுப்படியிற் படுத்துக்கொள்ளும். நாய்க்கு இங்கிலீசுதான் விளங்கும் என்பது நம்மவர் பலரின் துணிபு. இங்கிலீசிலே தம் பெயரையும் எழுதியறியாத பாட்டியார், ரைகர் என்று பெயரிட்ட நாயை நோக்கிக் ‘கம்’ என்றும் ‘கோ’ என்றும் ஆணையிடுவார். அதுவும் அவர் குரலின் ஏற்றத்தாழ்வைக் கொண்டே பொருளுணர்ந்து நடக்கும். கணக்குக் கொப்பியை ஆடு தின்றுவிட்டது என்று மாணாக்கன் கூறும் சமாதானத்தை ஆசிரியர் நம்புவதில்லை; ஒரோவழி அது மெய்யாகவும் இருத்தல் கூடும். கிளிக்குச் ‘சிவசிவ’ என்று சொல்லப் பழக்குவர். அதனோடு அவ்வீட்டார் அயலாரை ஏசுஞ் சொற்களையும் அது தானே பழகிக்கொண்டு, விருந்தினர் வந்த சமயம் பார்த்து இரண்டையும் ஒருங்கே ஒப்புவிக்கும். பிள்ளைகள் எதனைக் கேட்டுக் கற்கின்றனர் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு ஆசிரியர்க்குக் கிடைத்தல் அரிது.

நகைப்புக்குரியன இவையாயின், நெஞ்சை உருக்குவனவும் உள. தன்னைக் கறக்கும் அம்மையார் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றுவிடப் பால் சுரவாது நின்ற பசுவின்பால், அவர்தம் சேலையை உடுத்துக்கொண்டு வேறொருவர் சென்று கறந்த செய்தியைப் பலரும் கேட்டிருப்பர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் பின்னே சென்று, மணி அடிக்குமளவும் மாநிழலிற் கிடந்து, அதனோடு வீடு திரும்பும் நாய்கள் பல ஊர்களில் உண்டு. வீட்டுத் தலைவர் இறந்தவழிப் பிரேதத்தின் பின்னே சுடலைவரையும் சென்று, மீண்டுவந்து, அவர் வழக்கமாக இருக்கும் சாய்மனைக் கதிரையின் கீழே கிடந்து உணவு மறுத்த நாய்களின் கதையும் அத்தகையது. எட்டுச்செலவும் அந்தியேட்டியும் முடிந்து உறவினர் தத்தம் அலுவலுக்குக் கலைந்துபோன பின்னரும், படலை திறக்கும் ஓசை கேட்குந்தோறும் அது தலைதூக்கிப் பார்க்கும்.

ஈண்டு ஒரு தடை நிகழும். விலங்குக்குப் பகுத்தறிவு இல்லை. அது சோறிடும் கையை நாடுவது பசியினாலன்றி அன்பினாலன்று. அதனை அன்பென்று கொள்வது நம் மனத்தை அதன்மேல் ஏற்றிக் கூறுதலே என்பர் சிலர். இதனை உலகறிந்த ஒரு செய்தியைக் கொண்டு ஆராய்வாம்.

யப்பான் நாட்டு டோக்கியோ நகரிலே, அரசாங்கப் பல்கலைக்கழகத்து வேளாண்மைப் பேராசிரியராயிருந்த உயேனோ என்பவர் ஹச்சிகோ என்னும் நாயை வளர்த்தார். அவர் மாலையில் வீடு திரும்பும்போது அது ஷிபுயா புகைவண்டி நிலையத்திற்குச் சென்று அவரை எதிர்கொள்வது வழக்கம். 1925-ஆம் ஆண்டு மே மாதம் பேராசிரியர் பல்கலைக்கழகத்திலேயே உயிர் துறந்தார். அதன்பின் அந்நாய், தான் இறந்த 1935-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரையும், ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்நிலையத்திற்கு வந்து காத்திருந்தது. 1932-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை இதனை வெளியிட, நாடெங்கும் அதன் புகழ் பரந்தது. 1934-இல் நிலையத்தின் முன்னே அதற்கு வெண்கலச் சிலை எடுத்தனர். அவ்விழாவுக்கு அந்நாயும் வந்திருந்தது. நன்றி மறவாமை என்னும் பாடமாக அச்செய்தி அந்நாட்டுப் பள்ளிப் புத்தகத்திலும் சேர்க்கப்பட்டது. போர்க்காலத்தில் உலோகத்தின்பொருட்டுச் சிலை உருக்கப்பட்டது. 1948-இல் மீண்டும் புதிய சிலை நிறுவப்பட்டது.

அந்நாய் வந்தது அயலிலுள்ள கடைக்காரர் இடும் இறைச்சித் துண்டுக்காகவே என்று அக்காலத்திலேயே கூறினாரும் உளர். அது அத்துண்டை உண்டதும் மெய்யே. எனினும், பசியும் அன்பும் ஓரிடத்தில் இருத்தல் கூடாது என்பது எவர் கண்ட நியாயம்? தாயை நோக்கித் தவழும் குழவி பாலை நாடியே தவழ்கின்றது. அதனால் அதற்குத் தாய்மேல் அன்பில்லை என்று கூறுவார் உண்டோ? பசியே அன்பின் முதல் வாயில். அவ்வாயிலால் உட்புகுந்த அன்பு பின்னர்ப் பசியைக் கடந்தும் நிற்கும் என்பதற்கு, இறந்த தலைவனைக் காத்து உணவு மறுக்கும் நாயே சான்று.

அச்செய்தியில் நாம் கருதவேண்டிய பிறிதொரு பகுதியும் உண்டு. பத்திரிகை புகழ்வதற்கு முன் கழிந்த ஏழாண்டுகளில், நிலையத்திற்கு வருவோரும் அங்குள்ளோரும் சிறுவரும் அந்நாயை இடையூறென்று விரட்டினர், அடித்தனர், ஏளனஞ் செய்தனர். அதே நிலையம், அதே நாய், அதே காத்திருப்பு. வேறுபட்டது மனிதர் கண்ணே. பள்ளிப் புத்தகம் பிள்ளைகளை நோக்கி, நாயைப்போல நன்றியுடையராயிருங்கள் என்று போதித்தது. அப்பாடம் நன்றே. ஆயின் அதனினும் அணுக்கமான பாடம், வாயில்லாத அவ்வுயிரை ஏழாண்டு அடித்த மனிதர் தம்மைத் தாம் வினாவவேண்டிய பாடம், அப்புத்தகத்தில் இடம்பெறவில்லை. நம் மாணாக்கன் எழுதும் பசுக் கட்டுரையிற் காணும் குறையும் இதுவே. விலங்கின் நன்றியை நாம் போற்றுகின்றோம். விலங்குக்கு நாம் காட்டவேண்டிய நன்றியைப் பற்றி வாய்திறக்கின்றோமல்லோம்.

இனி, விலங்கின் அறிவைப் பற்றி நம் முன்னோர் கொண்டது யாது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்து, மக்களை ஆறறிவுடையார் என்கின்றது. ஆயினும் உரையாசிரியராகிய இளம்பூரணர் கொண்ட பாடத்தில், விலங்கினுள் ஒருசாரனவும் அவ்வாறாம் அறிவுடையன என்னும் கருத்துக் காணப்படும். கிளியும் குரங்கும் யானையும் முதலாயினவற்றை அவர் எடுத்துக்காட்டுவர். சைவ சித்தாந்தமோ எல்லா உயிர்க்கும் இயல்பு ஒன்றே என்றும், அவ்வவற்றின் வினைக்கீடாக வாய்த்த உடம்பும் கருவிகளுமே அறிவை மிகுத்தும் குறைத்தும் காட்டும் என்றும் கொள்ளும். நாய் என்பது அவ்வுடம்பின் பெயரேயன்றி உயிரின் பெயரன்று. நாம் நமக்கு இட்டுக்கொண்ட பெயரையும் கருதுக. ஆன்மாவைச் சுட்டுதற்கு நம் சாத்திரங்கள் கொண்ட சொல் பசு என்பது. கட்டுண்ட உயிர் எதுவோ அது பசு. அடுக்களையில் இருந்து கஞ்சி கொண்டு செல்பவரும், கொட்டிலிற் கயிற்றிற் கட்டுண்டு நிற்பதும் அப்பெயரால் ஓரினத்தனவே.

இவ்வுண்மையைத் திருத்தொண்டர் புராணத்து வரும் திருமூலநாயனார் வரலாறு விளங்கக் காட்டும். கயிலையினின்றும் பொதியமலை நோக்கி வந்த சிவயோகியார், திருவாவடுதுறையை அடுத்துச் செல்லும்போது, சாத்தனூர் இடையனாகிய மூலன் மேய்ப்பிடத்தில் இறந்து கிடத்தலையும், அவன் மேய்த்த பசுக்கள் அவனுடலைச் சூழ்ந்து மோந்து சுழன்று கதறுதலையும் கண்டார். யோகியார் அங்கே நின்றது இடையனுடைய சுற்றத்தாரின் அழுகையைக் கேட்டன்று. அவர் அப்போது அங்கு இல்லை. பசுக்களின் துயர் தீர்த்தல் வேண்டும் என்னும் ஒரு கருத்தே அவரை அவ்வுடம்பிற் புகச் செய்தது. மூலன் எழுந்தான் என்று பசுக்கள் களித்து அவரை நக்கின. அவரும் அவற்றை மேய்த்து, மாலையில் அவை தாமே வீடு திரும்பப் பின்சென்றார். அதன்பின் தம் பழைய உடம்பைக் காணாமையினால் அந்நாட்டிலேயே தங்கித் திருமந்திரத்தை அருளிச்செய்தார். பத்தாந் திருமுறை நமக்குக் கிடைத்தமைக்கு ஒரு காரணம், தம்மை வளர்த்தவனுக்காகச் சில பசுக்கள் அழுதமையே என்று கூறின் அது மிகையாகாது. அப்பசுக்களின் அழுகையைப் பசியின் ஓசை என்று தள்ளிச் சென்றிருப்பின் நாம் இழந்திருப்பது எத்துணைப் பெரிது!

இரண்டாவது தடை முன்னையதினும் வலியது. விலங்கின்மேல் வைக்கும் அன்பும் பற்றே. பற்று அறுக்கவேண்டுவதேயன்றி வளர்க்கவேண்டுவதன்று என்பது அது. இதற்குச் சான்றாகப் புராணங் கூறும் பரதன் கதையை எடுத்துக்காட்டுவர். அரசு துறந்து வனத்திலே தவஞ்செய்திருந்த பரதன், சிங்கத்தின் முழக்கத்துக்கு அஞ்சிப் பாய்ந்த மானொன்று ஆற்றிலே ஈன்று இறக்க, அக்கன்றை எடுத்து வளர்த்தான். நாளடைவில் அதன் துள்ளலிலும் உரசலிலும் உள்ளம் பறிகொடுத்துத் தவத்தை மறந்தான். சாங்காலத்தும் அதனையே நினைந்து இறந்து மானாய்ப் பிறந்தான்.

இதற்கு மறுதலையாக வியாசபாரதத்து மகாப்பிரஸ்தானிக பருவம் கூறும் செய்தியும் உண்டு. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் வடதிசை நோக்கி நடக்க ஒரு நாயும் உடன் சென்றது. வழியிலே ஒவ்வொருவராக வீழ்ந்து இறந்தனர். ஈற்றில் தருமரும் நாயுமே எஞ்சினர். இந்திரன் தேர்கொண்டு வந்து தருமரை ஏறுக என்றான். நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்றான். தம்மைச் சார்ந்த உயிரைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டா என்றார் தருமர். தம்பியரையும் மனைவியையும் விட்டு வந்த நீ நாயை விடாமை என்ன என்று இந்திரன் கேட்ப, இறந்தார்க்குத் தாம் செய்யக் கிடந்தது யாதுமில்லை என்றும், உயிரோடிருக்கும்போது அவரைத் தாம் கைவிட்டதில்லை என்றும் விடை கூறினார். நாயாய் வந்தது தருமதேவதையே என்பது பின்னர்ப் புலப்பட்டது.

இவ்விரண்டு கதைகளும் தம்முள் மாறுகொள்வனவோ எனின், கொள்ளா. பரதன் மான்கன்றைக் காத்தது குற்றமன்று. காவாது விட்டிருப்பின் அதுவே குற்றமாயிருக்கும். அவன் பிழைத்தது, காத்தற்குரிய உயிர் என்னும் நினைவு போய், என்னுடைய மான், எனக்கு இன்பந் தரும் மான் என்னும் நினைவு குடிகொண்ட இடத்திலேயாம். தருமரோ அந்நாயினால் யாதோர் இன்பமும் பெற்றாரல்லர். அது அவருக்கு வித்தை காட்டவில்லை, வேட்டைக்கு உதவவில்லை, அதற்குப் பெயருமில்லை. தம்மைச் சார்ந்து உடன் வந்தது என்னும் ஒன்றே அவருக்குப் போதுமாயிற்று. முன்னது பற்று, பின்னது அறம். இரண்டும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு தெரிவது அவ்வுயிர் நமக்கு இன்பந் தருதல் ஒழிந்த நாளிலேயாம். குட்டியாயிருந்து குதித்த காலத்து நாம் அதனை நேசித்தது அன்போ, பொழுதுபோக்கோ என்பதை, அது கண்மங்கிச் சொறிபிடித்துக் கிடக்கும் காலமே அளந்து காட்டும். திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தமை நாம் அறிவோம். தொடர்புடையார்மேற் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எவ்வுயிர்மேலுஞ் செல்வது அருள். வளர்ப்புயிர் இவ்விரண்டுக்கும் இடையே இட்ட பாலம் போல்வது. அதன்வழி அருளுக்குச் செல்லவுங் கூடும்; பாலத்தின் நடுவே பரதனைப்போல உட்கார்ந்துவிடவுங் கூடும்.

ஆகவே நாம் துணிவது இது: வளர்த்தல் என்பது வாக்குக் கொடுத்தலாம். அஃதெங்ஙனமெனின், காட்டிலுள்ள உயிர் தன் உணவைத் தானே தேடும். தன் பகையைத் தானே அறிந்து ஓடும். அதனை வீட்டுக்குக் கொணர்ந்த நாம், இனி நீ தேடவேண்டா, யாம் தருவேம் என்று செயலாற் கூறினோம். அது நம் சொல்லை நம்பித் தன் தேடுந்திறனை இழந்தது. மனிதனை அஞ்சும் இயல்பையும் இழந்தது. வாக்குப் பெற்றவன் மனிதனாயின் நம்மை வழக்கு மன்றத்துக்கு இழுப்பான். ஊரவரைக் கூட்டி முறையிடுவான். இவ்வுயிர் அவற்றுள் ஒன்றுஞ் செய்யமாட்டாது. கேட்கமாட்டாதவரிடம் பட்ட கடனே கடன்களுள் மிகவும் வலியது. அதனை இறுப்பிப்பது நம் நெஞ்சொன்றேயாகலின்.

இவ்வாக்கை நம் ஊர்களில் எவ்வாறு காக்கின்றோம் என்று நோக்குவாம். பனைகளின் பொந்திலே கூடுகட்டும் கிளியின் குஞ்சைச் சிறுவர் எடுத்து வந்து, சிறகை நறுக்கிக் கூட்டில் இடுவர், பழமும் கொடுப்பர், பெயருமிடுவர். விரும்பியதனால் அதனை முடமாக்கினோம் என்னும் எண்ணம் எவர்க்கும் தோன்றுவதில்லை. பெட்டைக் குட்டிகள் பிறந்தால், கண் திறக்குமுன்னரே அவற்றைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவருவர். கோயில் வீதியில் விடுவோர், வைரவர் வாகனம் வைரவரிடமே சேர்ந்தது என்று தம் மனத்தைத் தேற்றிக்கொள்வர் போலும். பிள்ளைகள் வெளிநாடு சென்று, பின்னர்ப் பெற்றோரையும் அழைத்துக்கொள்ள, பூட்டிய வீட்டின் படலையில் நாய் கிடத்தலை இன்று ஊர்தோறும் காணலாம். நெடுந்தீவிலே திரியும் மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்பர். வளர்த்தவர் கப்பலேறிச் சென்றனர். அவற்றின் வழிவந்தவை கோடைதோறும் வறண்ட நிலத்தில் நீர் தேடி அலைகின்றன.

இவற்றுள் மிகவும் கொடியது கடாவின் கதை. குட்டியாய் வந்த நாள்தொட்டுப் பிள்ளை அதற்குப் பூவரசங்குழையும் முள்முருக்கங்குழையும் ஒடித்துக் கொடுக்கின்றது, பெயரிட்டு அழைக்கின்றது, மழைக்காலத்தில் திண்ணையிலே தன் பக்கத்தில் ஒண்டவும் விடுகின்றது. பெரியோரோ அதன் விலையையே எண்ணி வளர்க்கின்றனர். அன்றேல் வேள்விக்கென்று நேர்ந்து வளர்க்கின்றனர். ஒருநாள் பிள்ளை பள்ளியினின்றும் வந்து பார்க்கும்போது கட்டையிற் கயிறு மாத்திரம் கிடக்கும். தன் கையிலிருந்து தின்ற வாயை நம்பவைத்தே கொலைக்கு நடத்தினர் என்பது அதற்கு விளங்காமற் போகாது. நாவலரவர்கள் (1822–1879) கோயில்களில் உயிர்ப்பலி இடுதலை வன்மையாகக் கடிந்தமை யாவரும் அறிவர். அக்கண்டனம் பலிபீடத்தைப் பற்றியது. பலிபீடத்துக்கு முன்னரே வீட்டுத் திண்ணையில் ஒரு நம்பிக்கை வெட்டுண்கின்றது. அதனைக் கண்டு அழும் பிள்ளைக்கு நாம் கூறும் விடை யாது? ‘ஆடு தானே’ என்று கூறுவோமாயின், அன்பு வைத்தல் விளையாட்டு, காலம் வந்தால் அதனை விற்கலாம் என்னும் பாடத்தையே அன்று கற்பித்தவராவோம். அப்பிள்ளை அப்பாடத்தை ஆட்டின் மட்டோடு நிறுத்திக்கொள்ளும் என்று எவர் உறுதி கூறவல்லார்?

ஈண்டு, இயலாமைக்கும் கைவிடுதலுக்கும் உள்ள வேறுபாட்டையும் கூறவேண்டும். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30-ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் சில மணிநேரத்துள் வீடுவாசல்களை விட்டுப் புறப்பட்டு, இரவிலே மழையில் நனைந்து, நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கி நடந்தனர். குழந்தையை ஒரு கையிலும் முதியோரை மறு கையிலும் பிடித்துச் சென்றோர் நாயையும் மாட்டையும் எங்ஙனம் கொண்டுசெல்வர்? மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றோர் உளர். சட்டியிலே இருந்த சோறு முழுவதையும் முற்றத்தில் வைத்துவிட்டுச் சென்றோர் உளர். சிறிது தூரம் பின்தொடர்ந்த நாயைச் சனநெருக்கத்தில் இழந்தோரும் உளர். 1996-ஆம் ஆண்டு சித்திரை வைகாசியில் மீண்டு வந்தபோது, மெலிந்து எலும்பாய்ப் படலையிற் கிடந்து வாலாட்டிய நாயைக் கண்டோரும் உண்டு. வெறுங்கயிற்றையே கண்டோரும் உண்டு. இவர்களைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. எனினும் ஒன்று கருதற்பாலது. வீடிழந்தோர், பொருளிழந்தோர், உறவினரையே இழந்தோர், இன்றும் அக்காலத்தைச் சொல்லும்போது, விட்டுவந்த அந்நாயை நினைந்தும் குரல் தழுதழுக்கின்றனர். தயவு மாத்திரமே ஆயின், செய்ய இயலாது போன தயவுக்காக எவரும் இத்தனை ஆண்டு வருந்தார். கடன் உண்டென்பதை நூல்கள் கூறுமுன் அவர்தம் துயரமே நிலைநாட்டிவிட்டது. இயலாதவரை அக்கடன் இவ்வாறு வருத்துமாயின், இயன்றும் விடுவோர் நிலை என்னை?

மக்கள் பசித்திருக்க நாய்க்குச் சோறிடுதல் தகுமோ என்று வினவுவாரும் உளர். வினா நன்றே, ஆயின் அதனை வினவுவோருட் பலர் இரண்டுக்கும் இடாதவராயிருத்தல் காணப்படும். ஒரு பிடி சோற்றை வைக்கப் பழகிய கை, படலையில் நிற்கும் மனிதனுக்குக் கொடுக்க அஞ்சுவதில்லை. கொடாத கைக்கோ எப்போதும் ஒரு நியாயம் உண்டு. நாயைப் பஞ்சணையிற் கிடத்தி வேலையாளை வெயிலில் நிறுத்துவோரும் உலகில் இல்லாமலில்லை. அவர் செய்வது பரதன் பிழையேயன்றித் தருமர் அறமன்று.

இனி, ஆசிரியராகிய நாம் செய்யக் கிடந்தவை சில. முதலாவது, அப்பழைய கட்டுரையின் வினாவை மாற்றுக. பசு நமக்குத் தருவன யாவை என்று கேட்டபின், நாம் பசுவுக்குச் செய்யவேண்டுவன யாவை என்றும் கேட்க. உங்கள் வீட்டு நாயின் வேடிக்கைகளை எழுதுக என்று கூறுக. பிள்ளைகள் மனமுவந்து எழுதுவர். அதன்பின், அது முதுமையுற்றால் யாது செய்வீர் என்று ஒரு வினாக் கேட்டு, அவர் விடைக்குக் காத்திருக்க. இரண்டாவது, நாய்க்கு விசர்த் தடுப்பூசி இடுவித்தலும், பெருகாவண்ணம் கருத்தடை செய்வித்தலும், வளர்க்க இயலாத குட்டியை வீட்டுக்குக் கொணராமையும் சீவகாருணியத்தின் பகுதிகளே என்று கூறுக. சாக்கிலிட்டுச் சந்தையில் விடுதலைத் தடுக்கும் வழி கண்ணீரன்று, முன்யோசனையே. பங்குனி சித்திரை மாதங்களிற் பள்ளி வளவில் ஒரு சட்டி நீர் வைக்கும் முறையை மாணாக்கரிடம் ஒப்புவிக்க. மூன்றாவது, நம் வாயையுங் காக்க. கணக்குப் பிழைத்த மாணாக்கனை மாடு என்றும் எருமை என்றும் கழுதை என்றும் ஏசும் வழக்கம் நம்மிடையே முற்றாக ஒழிந்ததென்று கூறுவதற்கில்லை. அதனால் மாணாக்கன் இழிவுபடுகின்றான். தன் வேலையைப் பிழையின்றிச் செய்யும் எருமையும் காரணமின்றி இழிவுபடுகின்றது.

நான்காவது, பிள்ளை அழுது வரும் நாளை ஆசிரியர் வீண்போக விடாதிருத்தல் வேண்டும். சேய்ஞலூரிலே ஈன்ற பசுவொன்றை ஆயன் கோல்கொண்டு அடித்தமை கண்டு பொறாது, இனி இந்நிரையை யானே மேய்ப்பேன் என்று ஏற்றுக்கொண்ட விசாரசருமர் அப்போது ஒரு சிறுபிள்ளையே. ஆயனுக்கும் ஊரார்க்கும் அவ்வடி வழக்கமான அடி. பிள்ளைக்கே அது பொறுத்தற்கரிய அடியாய்த் தோன்றிற்று. அவரே பின்னர்ச் சண்டேசுர நாயனாராய்ச் சிவாலயந்தோறும் வீற்றிருக்கின்றார். நாடோறும் அவர் சந்நிதியிற் கைதட்டி வழிபடும் நாம், நாயோ ஆடோ இறந்ததற்காகவோ விற்கப்பட்டதற்காகவோ அழும் ஒரு பிள்ளையை நோக்கி, இதற்கா அழுகின்றாய் என்று கேளாதிருப்போமாக. அருகிலிருத்தி, அதன் பெயர் யாது என்று கேட்போமாக. அப்பிள்ளை கூறத் தொடங்கும்.

சுபம்.